பேசாமல் கடந்த பாலம்

மகனே,

நீயும் என் மருமகள் மரியாளும் ரயில்வே வேலைக்காக ஜான்சிக்குப் புறப்பட இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. பெட்டிகளைக் கட்டும் அவசரத்தில் இருக்கிறாய். இந்த நேரத்தில் உன்னை உட்காரவைத்துப் பேசினால், நீ தலையை ஆட்டிக்கொண்டே கயிற்றை இறுக்கிக்கொண்டிருப்பாய். நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். நம் இருவருக்கும் பேச்சு வராது என்பது ஊருக்கே தெரியும். ஆகவே எழுதுகிறேன். ரயில் ஏறி, ஒரு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்த பிறகு படி. திண்டுக்கல் மலை தெரியும்வரை இதைப் பிரிக்க வேண்டாம்.

முதலில், நீ கேட்டதற்குப் பதில். "அம்மா, நீங்களும் வந்துவிடுங்கள், அங்கிருந்து ஆக்ரா பக்கம்தான், தாஜ்மகாலைக் காட்டுகிறேன்" என்று சொன்னாய். வர முடியாவிட்டால் படம் அச்சடித்த கார்டுகள் அனுப்புவதாகவும் சொன்னாய். நான் வரவில்லை. கார்டும் வேண்டாம். சென்ற மாதம் மதுரைக்குப் போனது மூக்குக்கண்ணாடி மாற்ற என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். கண்ணாடி மாற்றினால் தீர்கிற காரியம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வரும். சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்றார். நான் கேட்டுக்கொண்டேன். புதிய செய்தியாகத் தோன்றவில்லை. இதே சொற்களை, அநேகமாக இதே வரிசையில், என் அப்பாவுக்கு ஒரு டாக்டர் சொன்னபோது நான்தான் பக்கத்தில் நின்று தமிழில் எடுத்துச் சொன்னேன். அப்போது எனக்கு உன் வயதுகூட இல்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. தாத்தா ஆக்ராவுக்குப் போனார் என்பது உனக்குத் தெரியும். அவர் தாஜ்மகாலைப் பற்றி விரிவாகச் சொல்லுவார், ஊரே கேட்கும் என்பதும் தெரியும். நீ இப்போது போகிற தடத்தில்தான் நாங்கள் போனோம். அதனால் சொல்கிறேன். சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது; அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் தாத்தா சவரிமுத்து வண்டிக்காரர். நாங்கள் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். மலையில் பெரியாற்று அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் வந்து இறங்கும் இரும்புக் குழாய்களையும் யந்திரத் துண்டுகளையும் வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, கம்பம் வழியாகக் கூடலூர் மலையடிவாரம் வரை வண்டிகளில்தான் கொண்டுவர வேண்டும். போகும்போது ஏலக்காய் மூட்டை, வரும்போது இரும்பு. என் சிறுவயதில் அய்யா வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. வந்தால் அவர் மேல் பாதி ஏலக்காய் மணமும் பாதி துரு மணமும் இருக்கும். எத்தனையோ பேரை, எத்தனையோ சரக்கை அந்த ஸ்டேஷனில் ரயிலேற்றியவர். அவர் ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை. வண்டியைத் திருப்பும்போது, அந்தத் தண்டவாளம் வளைந்து மறைகிற இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார் என்று மற்ற வண்டிக்காரர்கள் கேலி செய்வார்கள்.

எங்கள் குடும்பத்தில் பரீட்சை எழுதித் தேறிய முதல் ஆள் நான். ராயப்பன்பட்டியிலிருந்து மதுரைக்குப் போய், கன்னியர் மடத்தில் தங்கி, ஆசிரியைப் பயிற்சி முடித்தேன். எழுத்தில் நல்ல மதிப்பெண். வாய்மொழித் தேர்வில் மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றதால் கடைசி. வேலைக்கு உத்தரவு வரக் காத்திருந்த மாதங்களில்தான் அய்யாவின் கண் கெடத் தொடங்கியது. தேவதானப்பட்டிக்குப் பக்கத்தில், ஓரமாக வந்த வண்டியின் மாட்டை அவர் பார்க்கவில்லை. நேரே இருப்பது தெரிகிறது, பக்கத்தில் இருப்பது தெரியவில்லை. "இரும்புக் குழாய்க்குள்ள இருந்து பாக்குற மாதிரி இருக்கு ஆத்தா" என்றார். அதைவிடத் தெளிவாக டாக்டரும் சொல்லவில்லை. டாக்டர் சேர்த்துச் சொன்னதெல்லாம், கத்தி வைக்கும் கட்டம் தாண்டிவிட்டது, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது, தலைகுனிந்து வேலை செய்யக் கூடாது என்பதுதான்.

"பாரம் தூக்காம நான் என்ன, தாலுக்காக் கச்சேரியில உக்காந்து தாசில் பாக்கவா?" என்று அய்யா என்னிடம் கேட்டார். அதை நான் டாக்டரிடம் மொழிபெயர்க்கவில்லை.

கண்ணுக்கு நோவு வந்தால், கண்களுக்குக் காவலான அர்ச்சியசிஷ்ட லூசியம்மாளுக்கு நேர்ந்துகொண்டு, குணமானதும் வெள்ளியில் கண்மலர் செய்து பீடத்தில் வைப்பது நம் ஊர் வழக்கம். அய்யாவும் நேர்ந்துகொண்டார். ஆனால் குணமாகும்வரை காத்திருக்காமல், கண்மலரை முன்கூட்டியே வாங்கி மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு வண்டியையும் மாடுகளையும் விற்றார். அம்மா அதை வைத்தியத்துக்கு என்று நினைத்தாள். அவரோ உத்தமபாளையத்து ராவுத்தரிடம் போய், அடுத்த முறை ஏலக்காயோடு ஆக்ராவுக்குப் போகும்போது தன்னையும் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவர் வருடக்கணக்கில் சுமந்த மூட்டைகளின் மேல் கறுப்பு மையில் எழுதியிருந்த ஊர் அது. எழுத்துத் தெரியாத அவருக்கு அந்த ஓர் ஊரின் பெயர் மட்டும் வாசிக்கத் தெரியும்.

அம்மா போட்ட சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "கண்ணு மங்கிப்போன மனுசன் ஊரு பாக்கப் போறாகளாம்! இங்கன விழுந்தா தூக்கிவிட நாலு சனம் இருக்கு. அங்கன யாரு இருக்கா? போயி என்னத்தப் பாக்கப் போறீக?"

"எங்கிட்டு எல்லாம் போகுதுன்னு பாக்கணும்."

"எது?"

"எல்லாந்தான். மூட்டை, ரயிலு, தண்டவாளம்."

"பாத்து?"

"பாத்துட்டு வந்து ஒனக்குச் சொல்றேன்."

"சொல்லிக் கிழிச்சீக. கூட இந்த ஊமைச்சியையும் கூட்டிக்கிட்டா?" என்று அம்மா என்னைக் காட்டினாள். நான் போக வேண்டும் என்பது ராவுத்தரின் யோசனை. அவருக்கு இந்துஸ்தானி தெரியும், இங்கிலீஷ் தெரியாது. ஸ்டேஷன் பலகை வாசிக்கவும் டிக்கெட் பரிசோதகரிடம் பேசவும் ஓர் ஆள் கூட இருந்தால் நல்லது என்றார். தகப்பனோடு மகள் போகிறாள், இதில் தப்பென்ன என்று சுவாமியாரும் சொல்லிவிட்டதால் அம்மாவுக்கு வாதம் இல்லாமல் போயிற்று. ஆக, காரியம் இவ்வளவுதான்: இருட்டு நடுவில் வந்து சேர்வதற்கு முன் ஆக்ரா போய்ச் சேர வேண்டும். ஒரு மாதம் தாங்குமா, ஆறு மாதம் தாங்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் புறப்பட்டோம். திண்டுக்கல் கோட்டைப் பாறையை அய்யா கீழிருந்து மேலாகப் பார்த்தார். அப்படித்தான் அவரால் பார்க்க முடியும். தலையை மெல்ல மெல்ல உயர்த்தி, பிறகு இடமிருந்து வலமாகத் திருப்பி, துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்வார். திருச்சி மலைக்கோட்டை, தஞ்சாவூரில் தூரத்தே தெரிந்த பெரிய கோபுரம், கொள்ளிடத்துப் பாலம், சிதம்பரத்துக் கோபுரங்கள் எல்லாவற்றையும் இப்படியே அளந்தார். தஞ்சாவூர்க் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் கல்லை நெடுந்தூரம் சாரம் கட்டி ஏற்றினார்கள் என்று பெட்டியில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். "அம்புட்டு தூரம் இழுத்த மாட்டுக்குத் தண்ணி எங்கன காட்டுனாக?" என்று அய்யா கேட்டார். பெருமை பேசியவருக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் கோபமும் வந்தது. சென்னையில் வண்டி மாறுவதற்கு முன் கடலைப் போய்ப் பார்த்தோம். அதைத் துண்டு துண்டாகப் பார்க்க முடியவில்லை. இரண்டு மூன்று முறை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது முடியாது ஆத்தா, போவோம்" என்று சொல்லிவிட்டார்.

இந்த நாட்டின் பரப்பைப் பற்றி நான் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். வரைபடத்தில் கோலை வைத்துக் காட்டுகிறபோது எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். போகிறபோதுதான், நடுவில் எவ்வளவு ஒன்றுமில்லாமல் கிடக்கிறது என்று தெரியும். குண்டக்கல் தாண்டியதும் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூக்கிவைத்தது போல நிற்கும். எந்த நேரமும் உருளும் என்று தோன்றும், உருளாது. துங்கபத்திரை, பிறகு ராயச்சூர், பிறகு கிருஷ்ணா. அதற்கு அப்பால் மண் கறுத்துவிடும். சாம்பல் கறுப்பு இல்லை, ஈரமான எருமைத் தோல் போன்ற கறுப்பு. அதில் பருத்தியும் சோளமும். நம் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை சுவர் மாதிரி இருக்கும். அங்கே திரும்புவதற்குப் பக்கமே இல்லை. எனக்கு முதல் நாள் பயமாக இருந்தது. மறுநாள் அது பழகிவிட்டது. உனக்கும் அப்படித்தான் இருக்கும். மரியாளுக்குப் பயம் அதிகமாக இருந்தால், ஒரு மரத்தையோ கிணற்றையோ காட்டி அதைப் பற்றி எதையாவது சொல். நீ ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தால், அவளுக்கு அந்த வெட்டவெளி இன்னும் பெரிதாகிவிடும்.

நான் அந்த நாட்களில் ஜன்னலோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அய்யா அவராகப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் நானாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராவுத்தர்தான் பேசுவார். "ஏப்பா சவரி, ஒம் மக படிச்ச படிப்புக்கு வாயில ஒரு வார்த்தையாச்சும் வரக் கூடாதா? நான் கூட்டியாந்தது வாத்தியாரம்மாவா, வேளாங்கண்ணிக்குக் கொண்டுபோற மெழுகுப் பொம்மையா?"

"கேட்டா சொல்லும்" என்றார் அய்யா. "கேக்காம சொல்ற ஆளுதான் பக்கத்துலயே இருக்கீகளே."

இட்டார்சியில் வண்டி மாற வேண்டியிருந்தது. நீயும் அங்கேதான் மாறுவாய். நாங்கள் இறங்கியது பிற்பகல். அடுத்த வண்டி மறுநாள் விடியலில். பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு பெரிய மரப்பெட்டியைச் சரக்கு வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஏதோ யந்திரம். ஏற்றிய ஆட்களுக்கு அந்த வேலை புதிது போலிருக்கிறது; பலகையைச் செங்குத்தாகச் சாத்தி, ஆளுக்கொரு பக்கம் தள்ளினார்கள். பெட்டி பாதிவரை ஏறும், பிறகு நழுவும். அய்யா முதலில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். பிறகு எழுந்து நின்று பார்த்தார். பிறகு, "ஏலே, பலகையச் சாய்ச்சுப் போடுங்கடா! ஒருத்தன் முன்னால போயி இழு!" என்று தமிழில் சத்தம் போட்டார். அவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"சவரி, ஒன் பெட்டியா அது? ஒன் மாடா? சும்மா குந்து" என்றார் ராவுத்தர்.

"பாத்துக்கிட்டு எப்படி இருக்கச் சொல்றீக? பெட்டி அழுவுதுல்ல!"

வண்டிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யாருடைய பாரமானாலும், அது கோணலாக ஏறுவதை அவர்களால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. சாலையில் எதிரே வருகிற வண்டியின் மூட்டை சரிந்திருந்தால், தன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் அதைச் சரிசெய்துவிட்டு வருவார்கள். பேர்கூடக் கேட்க மாட்டார்கள். அய்யா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனார். டாக்டர் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. வாயைத் திறந்தேன். அத்தனை அந்நிய ஆண்கள் நிற்கிற பிளாட்பாரத்தில் என் குரல் எழவில்லை. அவர் குனிந்து, பெட்டிக்கு அடியில் தோளைக் கொடுத்து, ஒரே மூச்சில் நிமிர்ந்தார். பெட்டி உள்ளே போயிற்று. அந்த ஆட்கள் அவர் முதுகில் தட்டி, பீடி கொடுத்தார்கள். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். வந்து உட்கார்ந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டார். வாந்தி எடுத்தார். கண் சிவந்திருந்தது. ரயில் குலுக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நான் துண்டை நனைத்து நெற்றியில் போட்டேன்.

விடிந்ததும் வண்டி ஏறினோம். இட்டார்சி விட்டுக் கொஞ்ச நேரத்திலேயே நர்மதை வந்தது. பாலத்தில் சக்கரத்தின் ஓசை மாறியதும் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் நெருங்கினார்கள், கைகூப்பினார்கள், காசு எறிந்தார்கள். ஒருத்தி அழுதாள். நானும் பார்த்தேன். அய்யா எனக்கு எதிரே நேராக உட்கார்ந்திருந்தார். தலையைக் கீழிருந்து மேலாகவும் உயர்த்தவில்லை, இடமிருந்து வலமாகவும் திருப்பவில்லை. அந்த நேரத்தில் அது எனக்குப் படவில்லை. அசதி என்று நினைத்தேன். போபாலில்தான் புரிந்தது. தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். அவர் கை செம்புக்கு ஒரு சாண் தள்ளிப் போய், காற்றில் நின்று, என் வளையல் சத்தம் கேட்டதும் இந்தப் பக்கம் திரும்பிச் செம்பைப் பிடித்தது. குடித்தார். துடைத்துக்கொண்டார். "தண்ணி நல்லாருக்கு" என்றார்.

அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் நான் திரும்பிப் போகலாம் என்றிருப்பேன். அதற்குப் பிறகு ஆக்ரா என்ற பேச்சே இருந்திருக்காது. இது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சாஞ்சியில் ஒரு குன்று தெரிந்தது. பரீட்சை மேஜைக்கு முன்னால் நின்றது போலத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். "அய்யா, வலது கைப்பக்கம் ஒரு குன்று. ரொம்ப உயரமில்ல. மேல பானையக் கவுத்த மாதிரி கல்லுல ஒரு மேடு. இடிஞ்சிருக்கு, பக்கத்துல மரம் மொளச்சிருக்கு. புத்தருக்குக் கட்டுனதாம். முன்னால கல்லுலயே வாசக்கால் மாதிரி நிக்குது; அதுக்கு மேல குறுக்கே கல்லுச் சட்டம், ஏணிப்படி கணக்கா."

பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராவுத்தர் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "அடி ஆத்தே! மெழுகுப் பொம்மைக்கு வாய் வந்துருச்சு! ஏன் தாயி, அவருந்தான் பாக்குறாகளே, நீ வேற என்னத்துக்கு ஏலம் போடுற?" என்று கேட்டவர், அய்யாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஆக்ரா வரை அவர் எங்களை ஒரு கேலியும் செய்யவில்லை.

"எம்புட்டு அகலம் இருக்கும், அந்த மேடு?" என்றார் அய்யா.

"நம்ம கோயில் மூணு சேத்து வச்சா வரும்."

"ம். அடுத்து?"

அன்றிலிருந்து நான் பேசினேன். கடுகுப் பூ பூத்த வயல், கோதுமை, ஒட்டகம், குவாலியர் மலை, அதன் உச்சியில் ஒரு நீண்ட கோட்டைச் சுவர், சுவரில் நீல ஓடு பதித்த அரண்மனை. பார்த்ததைச் சொல்வது சுலபம் என்று நினைக்காதே. "அழகாயிருக்கு" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. எவ்வளவு பெரிசு, எதை மாதிரி, எதற்குப் பக்கத்தில், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்த பொருளைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். அதற்காக நான் எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்கவேண்டியிருந்தது. பின்னாளில் நான் ஓரளவு நல்ல ஆசிரியை என்று பேர் வாங்கினேன் என்றால், அதைப் பயிற்சிப் பள்ளியில் கற்கவில்லை.

தாஜ்மகாலுக்குக் காலையில் போனோம். யமுனையில் பனி படிந்திருந்தது. ராவுத்தர் அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். படிக்கட்டு வழுக்கும் என்று ஒரு காரணத்தையும் சொன்னார். நான் சொன்னேன்: "வெள்ளைன்னா சுண்ணாம்பு வெள்ளை இல்ல அய்யா. புதுசாக் கறந்த பால்ல வெளிச்சம் பட்ட மாதிரி. கீழ பனி மூடியிருக்கு. அதனால தரையிலயே நிக்கல. நாலு மூலையிலயும் நாலு தூணு, நம்ம கோயில் கொடிமரம் பத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்ச உசரம். நடுவுல நிமித்தி வச்ச பூண்டுப்பல்லு மாதிரி ஒரு கூடு." பூண்டுப்பல் என்று சொன்னதற்கு ராவுத்தர் முகம் சுளித்தார். அய்யாவுக்கு அது பிடித்திருந்தது.

உள்ளே போய்க் கல்லில் பதித்த பூக்களை விரலால் தடவிப் பார்த்தார். "கூட்டுச் சேந்த எடமே தெரியல" என்றார். பிறகு, "யாருக்குக் கட்டுனது?"

"அரசன் பொண்டாட்டிக்கு" என்றார் ராவுத்தர்.

"ஒரு பொம்பளைக்கா இம்புட்டு?"

"ஆமா. நீ ஒன் பொண்டாட்டிக்கு என்னத்தக் கட்டுன?"

"கோழிக்கூடு" என்றார் அய்யா. "அதையும் கோணலாக் கட்டிட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் ஏச்சு."

மூவரும் சிரித்தோம். கல்லறை இருக்கும் இடத்தில் அப்படிச் சிரித்ததற்குக் காவலாளி அதட்டினான். அங்கிருந்து, ராவுத்தரிடம் ஏலக்காய் வாங்கும் வியாபாரியின் கடைக்குப் போனோம். தெரு முனையிலேயே அய்யா நின்று மூச்சை இழுத்தார். மூட்டைகளின் மேல் கையை வைத்தார். ஒரு மூட்டையின் தையலைத் தடவி, "இது நம்ம கம்பத்துச் சாக்கு" என்றார். தாஜ்மகாலில் இருந்ததைவிட அந்தக் கடையில்தான் அதிக நேரம் இருந்தோம் என்பதை ஊரில் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வந்து ஸ்டேஷனில் இறங்கியபோது அம்மா வாடகை வண்டியோடு வந்திருந்தாள். பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டாள். வத்தலக்குண்டு தாண்டியது. பிறகு, "பாத்து வந்து சொல்றேன்னீகளே. சொல்லுங்க" என்றாள். அவர் சொல்லத் தொடங்கினார். பானையைக் கவிழ்த்த மேடு, பாலில் பட்ட வெளிச்சம், தரையில் நிற்காத கட்டடம், பூண்டுப்பல். ஒரு சொல் மாறவில்லை. நான் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, என் வாயிலிருந்து போன சொற்களை அவர் குரலில் கேட்டுக்கொண்டு வந்தேன். பெரியகுளம் வரை போதுமானதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போய் மஞ்சள் துணியை அவிழ்த்தார். உபதேசியார் தடுத்தார். "சவரிமுத்து, குணமானாத்தான கண்மலர் வைக்கிறது? ஒமக்குத்தான் இருந்ததும் போச்சே. எந்தக் கணக்குல வைக்கிறீக?"

"நான் குணமாகணும்னு நேரல" என்றார் அய்யா. "பாக்கணும்னு நேந்தேன். பாத்தாச்சு. வாங்கிக்கங்க."

உபதேசியார் வாங்கிக்கொண்டார். கண்மலர் லூசியம்மாள் பாதத்தில் வெகுகாலம் கிடந்தது. நீ சிறுவனாக இருந்தபோது உன்னைத் தூக்கி அதைக் காட்டியிருக்கிறேன்; உனக்கு நினைவிருக்காது.

இதற்குப் பிறகு நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணமாகி, நீ பிறந்து, தவழும் வயதில் ஒருநாள், அய்யா உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று கேட்டார்: "ஆத்தா, எல்லாத்தையும் நீ சொன்ன. அந்தப் பாலத்துல மட்டும் நீ பேசவே இல்ல. அந்த ஆறு எப்படி இருந்துச்சு?"

எந்த ஆறு என்று எனக்குத் தெரிந்தது. எப்போது பார்வை போனது என்பதும் அப்போதுதான் உறுதியாயிற்று. நான் யோசித்தேன். நர்மதையை நான் நன்றாகப் பார்த்தவள். பார்வை கூர்மையாக இருந்த வயது. ஆனால் சொல்ல ஒன்றும் வரவில்லை. காசு எறிந்த கைகள் நினைவிருந்தன, அழுத பெண்ணின் மூக்குத்தி நினைவிருந்தது, ஆறு இல்லை. "பெரிசா இருந்துச்சு அய்யா" என்றேன்.

"அது சத்தத்துலயே தெரிஞ்சுதே" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, உனக்கு விளையாட்டுக் காட்டத் தொடங்கினார். அதன்பின் அவர் அதைக் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி போகவில்லை. வாயால் சொன்னவையெல்லாம் இத்தனை வருடம் கழித்தும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. சாஞ்சிக் குன்றில் மரம் எந்தப் பக்கம் முளைத்திருந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும். குண்டக்கல் பாறைகளையும் கரிசல் மண்ணையும்கூட, பேசாமல் பார்த்தவைதான் என்றாலும், ஊர் திரும்பிய பின் அம்மா கேட்கக் கேட்கச் சொல்லிச் சேர்த்துக்கொண்டேன். நர்மதையை மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் யாருக்கும் சொல்லவில்லை.

இனி, கடைசியில் வைத்துக்கொண்ட காரணத்துக்கு வருகிறேன். இந்த நோய் குடும்பத்தில் இறங்கும் என்று மதுரை டாக்டர் சொன்னார். உனக்கு வரலாம், வராமலும் போகலாம். ஜான்சியில் வேலையில் சேர்ந்ததும் முதல் வேலையாக ரயில்வே ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டு. வலியில்லை, நன்றாகத் தெரிகிறது என்று தள்ளிப்போடாதே; தாத்தாவுக்கும் நன்றாகத்தான் தெரிந்தது, ஓரங்களைத் தவிர. சீக்கிரமே கண்டுபிடித்தால் மருந்தும் கத்தியும் உதவும் என்கிறார்கள். வருடம் ஒருமுறை காட்டு. இதைக் கேட்டு நீ கலங்க வேண்டாம், மரியாளிடம் மறைக்கவும் வேண்டாம். அவள் உன்னைவிடத் தைரியசாலி என்பது என் அபிப்பிராயம்.

எனக்காக நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தேனிக்கே ரயில் வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். வந்தால்கூட நான் அதில் ஏறிப் பார்க்க அதிகம் மிச்சமிருக்காது. ஆகவே கார்டு வேண்டாம் என்றேன். கொஞ்ச காலம் போனால் கார்டை என்னால் தடவித்தான் பார்க்க முடியும், எல்லாக் கார்டும் தடவினால் ஒன்றுதான். இட்டார்சியில் வண்டி மாறியதும் தூங்கிவிடாதே. சக்கரத்தின் ஓசை மாறும்போது ஜன்னல் பக்கம் வந்து உட்கார். மரியாள் பக்கத்தில் இருப்பாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, பெட்டியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை, நீ வாய்விட்டு அவளிடம் சொல். தண்ணீர் என்ன நிறம், கரை மண்ணா பாறையா, மறுகரையில் என்ன நிற்கிறது, அகலம் நம் முல்லையாறு எத்தனை சேர்ந்தது. அவளிடம் சொன்ன அதே சொற்களைப் பிறகு எனக்கு எழுது. பள்ளிக்கூடத்தில் யாராவது ஒரு பிள்ளை எனக்கு வாசித்துக் காட்டும்.

"அழகாயிருந்தது" என்று மட்டும் எழுதிவிடாதே. தாத்தாவுக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

உன் அம்மா